கேள்வி–பதில்: பயிற்சியாளராவதற்கு முன் மதியாஸ் போ

கேள்வி: இந்தியாவின் பேட்மின்டன் இரட்டையரான சாத்விக்–சிராக் இணைக்குப் பயிற்சியளித்த டென்மார்க்கின் மதியாஸ் போ, ஆட்டக்காரராக எப்படிப்பட்டவர்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இரட்டையர் பேட்மின்டனில் ஆசிய நாடுகளின் பிடி இறுகியிருந்த காலத்தில், கார்ஸ்டன் மோகன்சனுடன் இணைந்து அதை அசைத்துப் பார்த்தவர் போ. இந்த இணை 2011, 2015 ஆகிய ஆண்டுகளில் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றது. 2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியில் தென்கொரியாவின் ஜங் ஜே-சங், லீ யோங்-டே இணையிடம் முதல் செட்டை இழந்தும், மூன்றாவது செட்டில் 22–20 என்று பிடிவாதமாக வென்றது. இறுதியில் சீனாவின் சாய் யுன், ஃபூ ஹைஃபெங்கிடம் தோற்று வெள்ளி பெற்றது. என் கணக்கில் அந்த அரையிறுதிதான் அவர்களுடைய உச்சம்.

போ இடக்கையர், மோகன்சன் வலக்கையர். தடுப்பாட்டத்தில் இடக்கையர் இடப்புறமும் வலக்கையர் வலப்புறமும் நின்றால் இருவரின் வலுவான கையும் பக்கக் கோடுகளைக் காக்கும். இடம் மாறி நின்றால் அதே வலு நடுவில் குவியும். எதிராளிக்கு இது ஓயாத தலைவலி.

2016 ஜனவரியில் ஆட்டத்துக்காக இந்தியா வந்திருந்த மோகன்சனுக்கு மூளை இரத்தக்குழாயில் கோளாறு ஏற்பட்டு அறுவை சிகிச்சை நடந்தது. இருந்தும் அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் இருவரும் சேர்ந்தே ஆடினார்கள். குழுச் சுற்றைத் தாண்டவில்லை. 2020இல் போ ஓய்வு பெற்றார்.

பயிற்சியாளராக, சாத்விக்–சிராக் இணை 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதைக் கண்ட அவர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்குடன் அப்பணியையும் முடித்துக்கொண்டார்.