இரண்டு லைன் ஏன் போதவில்லை? வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தோட்டப்பாளையத்தில் கிளினிக் நடத்துகிறோம். காலையில் டோக்கன் கேட்டு ஒரு மணி நேரத்தில் 40 போன் வரும். ஒவ்வொன்றும் சுமார் 3 நிமிடம். மொத்தம் 120 நிமிடம், அப்படியென்றால் இரண்டு லைன் போதும்தானே? எப்போது அடித்தாலும் பிஸி என்கிறார்கள்.

பதில்: எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒருவர் வைத்ததும் அடுத்தவர் கூப்பிட்டால் போதும். ஆனால் நாலு பேர் ஒரே நேரத்தில் அடிப்பார்கள். அப்புறம் ஐந்து நிமிடம் மணியே அடிக்காது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த எர்லாங் 1917-இல் இதற்குச் சூத்திரம் தந்தார். ஒரு மணி நேரத்தில் வரும் 120 நிமிடப் பேச்சை 60-ஆல் வகுத்தால் 2. இதுதான் உங்கள் சுமை, அவர் பெயரிலேயே உள்ள அலகில் 2 எர்லாங். கையாலேயே போட்டுப் பாருங்கள்: லைனே இல்லையென்றால் பிஸி விகிதம் 1. அதைச் சுமையால் பெருக்குங்கள்: 2. இதோடு லைன் எண்ணிக்கை 1-ஐக் கூட்டினால் 3. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால், ஒரு லைனுக்கு 2/3. இந்த 2/3-ஐ வைத்து அதே மாதிரி செய்தால் (இப்போது கூட்டுவது 2) இரண்டு லைனுக்கு 0.4. நூற்றுக்கு 40 பேருக்கு லைன் கிடைக்காது! மூன்று லைனில் 21, நான்கில் 9.5, ஐந்தில் 3.7. ஐந்து போடுங்கள். கிடைக்காதவர்கள் திரும்பத் திரும்ப அடிப்பதை இந்தச் சூத்திரம் சேர்ப்பதில்லை. நடைமுறையில் நெரிசல் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

கேள்வி: சத்துவாச்சாரியிலும் ஒரு கிளை இருக்கிறது, அங்கேயும் இதே கூட்டம். பணம் இருப்பது ஆளுக்கு நாலு லைனுக்குத்தான்.

பதில்: தனித்தனியாக வைக்காதீர்கள். எட்டு லைனையும் ஒரே எண்ணின் கீழ் கொண்டுவாருங்கள். சுமை 4 எர்லாங், லைன் 8, பிஸி 9.5-லிருந்து 3 சதவீதமாக இறங்கிவிடும். கூடுதலாக ஒரு லைன்கூட வாங்காமல் கிடைக்கும் லாபம் இது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவும் இதுதான்.

கேள்வி: குடியாத்தத்தில் இன்டர்நெட் இணைப்பு கொடுக்கிறேன். ராத்திரி 90 சதவீதம்தான் ஓடுகிறது, இன்னும் 10 மிச்சம். ஏன் திணறுகிறது?

பதில்: பாக்கெட்டுகள், அதாவது தரவின் சிறு துண்டுகள், ஒழுங்கில்லாமல் வந்து ஒரே வரிசையில் நிற்கின்றன. எளிய மாதிரியில், பாதி சுமையில் ஒரு பாக்கெட் வெளியேற அதன் சொந்த நேரத்தைப் போல 2 மடங்கு ஆகும். 90-இல் 10 மடங்கு, 95-இல் 20. மிச்சம் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். நெரிசல் நேரத்தில் 70-ஐத் தாண்டியதுமே கொள்ளளவைக் கூட்டுவது நல்லது.

கேள்வி: காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கிறேன். வேகம் வேண்டுமென்றால் பவரை ஏற்றுவதா, அலைவரிசை அகலத்தைக் கூட்டுவதா?

பதில்: தகவல் கோட்பாட்டை உருவாக்கிய ஷானன் 1948-இல் தந்த வாய்ப்பாட்டில் எண்களைப் போடுங்கள், தம்பி: வேக வரம்பு = அகலம் × log₂(1 + சிக்னல்/இரைச்சல் விகிதம்). 20 மெகாஹெர்ட்ஸ், சிக்னல் இரைச்சலைப் போல 15 மடங்கு: உச்ச வரம்பு நொடிக்கு 80 மெகாபிட். பவரை இரட்டித்தால் சுமார் 99. பவரைத் தொடாமல் அகலத்தை 40 ஆக்கினால் இரைச்சலும் இரட்டிக்கும், விகிதம் 7.5 ஆகக் குறையும். அப்படியும் சுமார் 123 வரும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் அகலம்தான் ஜெயிக்கும். விகிதம் ஒன்றுக்கும் மிகக் கீழே போய்விட்ட இடத்தில் அகலத்தைக் கூட்டிப் பெரிய பயனில்லை. அங்கே பவரையோ ஆன்டெனாவையோதான் கவனிக்க வேண்டும்.