பிக்கப் வாங்கும் முன் நட்டைப் பாருங்கள்

கேள்வி: ஸ்ட்ராட் வடிவ மலிவு எலெக்ட்ரிக் கிடார் வைத்திருக்கிறேன். ஆம்ப்பில் மாட்டினால் ஒரே இரைச்சல், கம்பியை நாலு தடவை வளைத்து வாசித்தால் சுருதி விலகிவிடுகிறது. நல்ல பிக்கப் செட்டும் லாக்கிங் ட்யூனரும் வாங்கி வீட்டிலேயே நானே மாற்றலாமா?

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்), லாக்கிங் ட்யூனர் (கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் முறுக்காணி) இரண்டையும் தாராளமாக மாற்றலாம், ஆனால் இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைக்கும் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

முதலில் சுருதி. எல்லோரும் ட்யூனரைத்தான் குறை சொல்வார்கள், ஆனால் விலை குறைந்த கிடாரில் பல நேரம் நட்தான், அதாவது கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் பள்ளத்தில் தங்கிச் செல்லும் சிறு துண்டுதான், குற்றவாளி. ட்யூனரை மெதுவாகத் திருப்பும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வந்து சுருதி சட்டென ஏறுகிறதா? அப்படியென்றால் கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கி நின்று திடீரென விடுபடுகிறது. கம்பியைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு பள்ளத்தில் பென்சில் முனையை நன்றாகத் தேயுங்கள், அதிலுள்ள கிராஃபைட் கம்பியை வழுக்கிப் போகவிடும். அடுத்து, மூன்றாம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே உற்றுப் பாருங்கள். மயிரிழை இடைவெளிதான் தெரிய வேண்டும், அதைவிட அதிகமாக இருந்தால் ஓப்பன் கார்டுகளில் (சில கம்பிகளை அழுத்தாமல் விட்டு வாசிக்கும் கார்டுகளில்) அழுத்தும் கம்பிகள் சுருதி கூடித்தான் ஒலிக்கும், எந்த ட்யூனர் போட்டாலும் அது போகாது. பள்ளத்தை ஆழப்படுத்த கம்பியின் தடிமனுக்கேற்ற அரம் வேண்டும், ஒரு இழுப்பு அதிகமானால் நட்டே வீண், அதனால் இந்த ஒரு வேலையை மட்டும் கிடார் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் நீங்களே செய்யலாம். முதல் ஃப்ரெட்டையும் கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் ஏழாம், எட்டாம் ஃப்ரெட் பக்கம் சுமார் 0.25 மி.மீ. இடைவெளி இருந்தால் கழுத்து சரி. இல்லாவிட்டால் டிரஸ் ராடைத் (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதன் உள்ளே ஓடும் இரும்புத் தண்டு) திருப்பிச் சரிசெய்யுங்கள், ஆனால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், இறுகி நின்றால் பலம் காட்ட வேண்டாம். அப்புறம் இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுக்கச் சுருதி சரியாக நிற்பது: பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கைவிட (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்தி வாசிக்கும் ஸ்வரம் கூடியிருந்தால் சாடிலைப் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு துண்டு) பின்னால் தள்ளுங்கள், குறைந்திருந்தால் முன்னால்.

இரைச்சலுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிரவுண்ட் வயர் நன்றாக இருக்கிறது, உள்ளே ஷீல்டிங்தான் (வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போதவில்லை. கம்பியைத் தொட்டு ஒன்றும் மாறாமல், கேபிள் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைந்தால், பின்பக்க ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தகட்டுக்கு வரும் வயர் விட்டுப்போயிருக்கும். அதைத் திரும்பப் பற்றவைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஷீல்டிங்குக்கு, பசையும் மின்சாரம் கடத்தும் காப்பர் டேப்பை உள்குழி முழுக்கவும் பிக்கார்டின் (முன்பக்க மூடித் தகட்டின்) அடியிலும் ஒட்டி, அதை கிரவுண்டோடு இணைத்து, மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். ஜாக்கின் சிக்னல் முனை மட்டும் டேப்பில் பட்டுவிடக் கூடாது, பட்டால் சத்தமே வராது. ஆனால் சிங்கிள் காயிலின் (ஒற்றைச் சுருள் பிக்கப்பின்) அடிப்படை 50 ஹெர்ட்ஸ் ஹம் டேப்புக்கு அடங்காது, அது காந்தப்புலமாக வருவது. நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றி, காந்த முனையும் மாற்றியதாக இருந்தால் ஸ்விட்சின் 2, 4ஆம் நிலைகளில் அது அடங்கிவிடும், அந்த வசதியுள்ள செட்டாகப் பார்த்து வாங்குவதே பிக்கப் மாற்றுவதற்கு நல்ல காரணம்.

அதையெல்லாம் முடித்த பிறகும் ஒலி பிடிக்கவில்லையா, பிக்கப்பின் இரு பக்கத் திருகையும் கொஞ்சம் இறக்கி வாசித்துப் பாருங்கள். கம்பிக்கு ஒட்டி நிற்கும் பிக்கப் பலமாகக் கேட்கும், தெளிவாகக் கேட்காது. எனக்குத் தெரிந்து செலவே இல்லாமல் ஒலியை இவ்வளவு மாற்றும் வேலை வேறில்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அளவெடுத்துவிட்டு ஆர்டர் போடுங்கள். வெளிக் கம்பிகளின் இடைவெளி, குழியின் ஆழம், பாட் (வால்யூம், டோன் குமிழின் அடியிலுள்ள பாகம்) துளையின் அகலம் மூன்றும் முக்கியம், மலிவு கிடாரில் துளை சிறிதாக இருந்து பெரிய பாட் நுழையாமல் போவது சகஜம். பாட்டின் மதிப்பு சிங்கிள் காயிலுக்கு 250கே ஓம், ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 500கே ஓம். கழற்றும் முன் பழைய வயரிங்கை நான்கு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டின் முதுகில் பற்றவைக்க 40 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் அயர்ன் வேண்டும், சின்னதை வைத்து நெடுநேரம் சூடாக்கினால் பாட் உள்ளே கெட்டுவிடும்.