அந்த 10,846 யாருடையது?

கேள்வி: எனக்கு 39 வயது. காரைக்குடியில் கணவரின் பூர்விக வளவு வீட்டில், அதாவது நடுவில் முற்றம் வைத்த பழைய பெரிய வீட்டில் இருக்கிறோம். கணவர் கடை வைத்திருக்கிறார். ஒரே மகன், ஒன்பதாம் வகுப்பு. எடை கூடிக்கொண்டே போனதால் ஆறு மாதத்துக்கு முன் ஆன்லைன் நடைப்பயிற்சிக் குழு ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தேன். தினமும் 10,000 காலடி நடந்து, இரவுக்குள் கடிகாரத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். காலையில் முக்கால் மணி நேரம் நடை, அரை மணி நேரம் யோகா, மாலையில் மறுபடி அரை மணி நேரம் நடை. அப்படியும் 8,000-ஐத் தாண்ட முடியவில்லை. கணவர் இதைப் பைத்தியம் என்கிறார். மாமியார் (வயது 71) வருகிறவர்களிடமெல்லாம், "இவள் நடந்து எங்கே போகிறாள்?" என்று குத்திக்காட்டுகிறார். ஒருநாள் விளையாட்டாக என் கடிகாரத்தை அவர் கையில் கட்டிவிட்டேன். இரவு பார்த்தால் 10,846! எல்லோரும் சிரித்தோம். அன்று மட்டும் குழுவில் எனக்குக் கைதட்டல் குவிந்தது. மற்ற நாட்களில் மன உளைச்சல்தான். என் ஆரோக்கியத்தின் அருமையை வீட்டில் எப்படிப் புரியவைப்பது?

பதில்: ஆறுதல் எதிர்பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் குழுவிலேயே கட்டிய பணத்துக்குக் கிடைக்கும். இந்த மாதிரிக் கடிதங்களை எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். கடிகாரம் மாறுகிறது, குழு மாறுகிறது, வீட்டில் யாருக்கும் என் அருமை தெரியவில்லை என்ற கடைசி வரி மட்டும் மாறுவதில்லை. ஆனால் நீங்கள் போகிற போக்கில் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டீர்கள். அதை நான் விடப் போவதில்லை.

அன்று அத்தை எங்கே நடந்தார்? வெளியே போனதாக நீங்கள் எழுதவில்லை. வீட்டுக்குள்தான் நடந்திருக்கிறார். நானும் தேவகோட்டைப் பக்கம் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள், அந்த நடை எனக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அடுப்படி கடைசிக் கட்டு, அதாவது வீட்டின் கடைசிப் பகுதியில். வாசலில் யாராவது கூப்பிட்டால் அடுப்பைத் தணித்துவிட்டு, இரண்டாம் கட்டைக் கடந்து, வளவைச் சுற்றி, முகப்புக்கு வர வேண்டும். ஒவ்வொரு நிலைவாசலிலும் படி உயரம், காலைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். வந்தவர் கேபிள் பணம் கேட்டால், சில்லறை அறைக்குள் இருக்கும். திரும்ப நடை. வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுக்க இன்னொரு நடை. வளவு வாசலில் வற்றல் காய்ந்தால் காக்கையை விரட்ட ஒன்று, வானம் கறுத்தால் அள்ள ஒன்று.

இன்னொன்று. கையில் கட்டும் கடிகாரம் பெரும்பாலும் கை வீசுவதை வைத்துத்தான் காலடியைக் கணிக்கிறது. சோற்றுப் பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தால் கை வீசாது, அந்த நடையை அது தவறவிடும். துணி அலசும்போது கை ஆடியதைக் காலடியென்று எண்ணியும் இருக்கலாம். போகட்டும், அதுவும் நடைக்குக் குறைந்த வேலையில்லை.

இப்போது உங்கள் கணக்கு. முக்கால் மணியும் அரை மணியும் சேர்த்து 75 நிமிடம். சுறுசுறுப்பான நடை என்றால் நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி என்று வைத்துக்கொள்வது ஆய்வாளர்களின் வழக்கம். 7,500 அங்கேயே வந்துவிடுகிறது. 8,000-ஐத் தாண்டவில்லை என்கிறீர்கள். அப்படியானால் மீதி நாள் முழுவதும், அவ்வளவு பெரிய வீட்டில், நீங்கள் எடுத்து வைத்தது 500 காலடி. படுக்கைக்கும் குளியலறைக்கும் சாப்பாட்டு மேசைக்குமே அது சரியாகிவிடும். நீங்கள் நடந்துகொண்டிருந்த காலைப்பொழுதில் பால் காய்ச்சியது யார், பையனுக்குச் சாப்பாடு கட்டியது யார்? கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அதைக் கடிகாரம் சொல்லிவிட்டது.

அந்த 10,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்த்தீர்களா? எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்ததல்ல. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள், 1965-ல் ஒரு ஜப்பானிய நிறுவனம் நடை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து, 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தது. பத்தாயிரம் காலடி அளவி என்று பொருள். ஒரு கடைச் சரக்கின் பெயரை உலகமே விரதமாக எடுத்துக்கொண்டுவிட்டது. 2019-ல் அமெரிக்காவில் ஐ-மின் லீ என்ற ஆய்வாளரின் குழுவினர், சராசரி வயது 72 உள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். நாளுக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் குறைவு. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. அத்தையின் வயதுக்காரர்கள்தான் அவர்கள். அத்தை அந்த வரம்பைத் தாண்டி மூவாயிரத்துக்கும் மேல் நடந்திருக்கிறார்.

"அப்படியானால் அவருக்கு நல்லதுதானே, அம்மியும் உரலும்தானே நம் பாட்டிமாரின் உடற்பயிற்சிக் கூடம்" என்பார் உங்கள் பயிற்சியாளர். இப்படிப் பேசும் காணொளிகளை நானும் பார்க்கிறேன். பேசுகிறவர் எவரும் அம்மியில் ஒரு வாரம் தொடர்ந்து அரைத்தவராகத் தெரியவில்லை. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. ஓய்வு நேரத்தில் விரும்பி உடலை அசைத்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து குறைவாக இருந்தது, பிழைப்புக்காக உடலை வருத்தியவர்களுக்கு அதிகமாக இருந்தது. அது சம்பள வேலையைப் பற்றியது, அடுப்படியை அவர்கள் அளக்கவில்லை. ஆனாலும் நினைத்தபோது உட்காரலாம் என்கிற நடையும் உட்கார வழியில்லாத நடையும் ஒன்றல்ல என்பதற்கு எனக்கு ஆய்வு வேண்டாம். என் ஆத்தா இரவில் பட்டாலையில் உட்கார்ந்து கணுக்காலை விரலால் அழுத்திப் பார்ப்பாள். அழுத்திய இடத்தில் விழுந்த குழி வெகுநேரம் அப்படியே இருக்கும். நாங்களும் அதை வேடிக்கை பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

நம் பக்கத்துப் பெரியவர்கள் இதை யோசிக்காதவர்கள் அல்ல. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே வீட்டில் தனி அறை, தனி அடுப்பு, அரிசி பருப்பு எல்லாம் கொடுத்து 'வேறு வைத்து' விடுவார்கள். ஒரே கூரை, பல உலை. வெளியூர்க்காரர்களுக்கு விசித்திரமாகப் படும். மாமியார் மருமகளுக்கு வடித்துக் கொட்டவும் வேண்டாம், மருமகள் மாமியாரிடம் கைகட்டி நிற்கவும் வேண்டாம் என்பதுதான் அதில் நான் கண்ட நியாயம். உங்கள் வீட்டில் அடுப்பு ஒன்றாகிவிட்டது. அதில் தப்பில்லை, இன்று பல வீடுகளில் அப்படித்தான். ஆனால் ஒன்றான அந்த அடுப்பில் ஒரே ஒரு கைதான் வேகிறது, அதுவும் 71 வயதுக் கை.

உங்களை மட்டும் திட்டினால் அநியாயம். உங்கள் கணவருக்குப் பைத்தியம் என்று சொல்ல வாய் இருக்கிறது, ஒரு டம்ளரைக் கழுவ வைக்கக் கை இருக்கிறதா? மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம், அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எண்ணினால். உங்களுக்கு நடக்க நேரம் வேண்டும், நியாயம்தான். அதைக் கணவரிடமிருந்தும் பதினான்கு வயதுப் பையனிடமிருந்தும் சண்டை போட்டாவது வாங்கியிருக்க வேண்டும். நீங்களோ சண்டைக்கு வராத ஒருவரிடமிருந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டீர்கள்.

அவர் கேட்ட கேள்வியைக் குத்தல் என்கிறீர்கள். எனக்கு அது நேரான கேள்வியாகவே படுகிறது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நகரத்தார் காவடி நடந்து போவதைப் பார்த்த ஊர்க்காரர் அவர். 130 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். அங்கே முதலிடம் கிடையாது. நடக்க முடியாதவர்கள் வழியில் நின்று சோறு போடுவார்கள். நடந்தால் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் அறிந்த வழக்கம். உங்கள் நடை ஒரு படமாகிக் குழுவுக்குப் போகிறது. கேட்காமல் என்ன செய்வார்?

10,000-ஐ விடுங்கள், நடையை விடாதீர்கள். ஆனால் அது மாலையோடு இருக்கட்டும். காலை அடுப்பு உங்களுக்கும் உங்கள் கணவருக்கும். வாசலில் யார் கூப்பிட்டாலும் எழுந்து போக வேண்டியது பையன். சாயங்காலம் அத்தை ஒரு மணி நேரம் சும்மா உட்காரட்டும். முதலில் உட்காரமாட்டார், அடுப்படிக்கு வந்து வந்து எட்டிப் பார்ப்பார், உப்புப் போதாது என்பார். உப்பைப் போட்டுவிட்டு அவரைத் திருப்பி அனுப்புங்கள். அவருடைய முழங்காலை எந்த மருத்துவராவது பார்த்திருக்கிறாரா? உங்கள் எடையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம். அந்தக் கைதட்டலை இன்றே திருப்பிக் கொடுங்கள். "அன்று நான் போட்ட எண்ணிக்கை என்னுடையதல்ல, 71 வயதான என் மாமியாருடையது. அவர் நடைப்பயிற்சிக்குப் போகவில்லை, எங்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்" என்று குழுவில் எழுதுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லாத நாளில், அதே கடிகாரத்தை உங்கள் கணவர் கையில் கட்டிவிடுங்கள். விளையாட்டாகத்தான். இரவு என்ன காட்டியது என்று எனக்கு எழுதுங்கள்.