மலையேறும்போது தளரும் ஸ்ட்ராப்: மாற்றிக் கேட்பதா, சரிசெய்வதா?

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் ஆன்லைனில் ஒரு ட்ரெக்கிங் பை வாங்கினேன். சாவனதுர்கா ஏறும்போது தோள் ஸ்ட்ராப் தானாகத் தளர்ந்து, பை முதுகை விட்டுத் தொங்குகிறது. இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துவிட்டது. விற்றவர், "நாடா அப்படித்தான் இருக்கும்" என்கிறார். என்ன செய்யலாம்?
– அல்சூர் வாசகர், பெங்களூரு

பதில்: அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். எடை ஏறினாலும் நாடாவை நழுவவிடாமல் பிடிப்பதற்குத்தான் பக்கிளே இருக்கிறது. ஆனால், அவசரப்பட்டு வெட்டவோ தைக்கவோ வேண்டாம். நீங்கள் கை வைத்த பை என்று சொல்லியே மாற்றித் தர மறுப்பார்கள்.

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பையில் ஏழெட்டு கிலோ ஏற்றி, நாடா பக்கிளை விட்டு வெளிவரும் இடத்தில் இரு பக்கமும் பேனாவால் கோடு போடுங்கள். இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பத்து நிமிடம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். கோடு நகரவில்லை என்றால் பையில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. மலையில் பெல்ட்டைத் தளரவிட்டதால் முழு எடையும் தோளுக்கு வந்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தால் அந்தப் பக்கிளின் பல் மழுங்கியிருக்கும், அல்லது நாடா தப்பாகக் கோக்கப்பட்டிருக்கும். மறுபக்கத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இரண்டும் நகர்ந்தால் பெரும்பாலும் பக்கிளுக்கு நாடா பொருந்தவில்லை: மெல்லியது, வழவழப்பானது, அல்லது அகலம் குறைந்தது. இது தயாரிப்புக் குறைதான். எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

வீடியோவையும் பில்லையும் சேர்த்து, வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அவர் பொறுப்பு. புகார் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் பெங்களூருவிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஒரு பைக்காக இவ்வளவா என்று தயங்காதீர்கள், முக்கால்வாசி இடங்களில் எழுத்தில் புகார் போனதுமே பேச்சு மாறும்.

அதுவரை மலைக்குப் போனால், இறுக்கியபின் மிச்சமாகத் தொங்கும் நாடாவில் பக்கிளை ஒட்டி ஓர் உருவு முடிச்சு போடுங்கள். முடிச்சு பக்கிளுக்குள் நுழையாது. தளர்த்த வேண்டுமானால் நுனியை இழுத்தால் போதும். பசை மட்டும் வேண்டாம். பிறகு இறுக்கவோ தளர்த்தவோ முடியாது.

மாற்றித் தரவே இல்லை என்றால், சிவாஜிநகர் பக்கம் பை தைப்பவரிடம் பக்கிளை மாற்றிக்கொள்ளலாம். நாடாவின் அகலத்தை ஸ்கேலால் அளந்து, சரியாக அதே அளவு பக்கிள் கேளுங்கள். 20, 25 மில்லிமீட்டர்தான் அதிகம் புழங்குபவை. நாடாவே வழவழப்பு என்றால் பக்கிளை மட்டும் மாற்றிப் பயனில்லை, கெட்டியான நைலான் நாடாவும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். வெட்டிய நுனியை நெருப்பில் லேசாகக் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது.