ஒரே நாளில் பிறந்தவர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் 38 பேர். அவளுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் ஒரே பிறந்தநாள். நட்சத்திரமும் இருவருக்கும் விசாகம்தான். “இது விட்ட குறை தொட்ட குறை” என்கிறார் என் மாமியார். வகுப்பு ஆசிரியையோ, 23 பேர் இருந்தாலே இப்படி அமையப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று சொல்லிவிட்டார். வருடத்துக்கு 365 நாள் இருக்க, 23 பேர் எப்படிப் போதும்? என் அலுவலகத்தில் 30 பேர் இருக்கிறோம். என் பிறந்தநாளில் பிறந்தவர் ஒருவர்கூட இல்லையே?

பெயர் வேண்டாம், திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

ஆசிரியை சொன்னது சரி. ஆனால் அவர் பேசுவது ‘யாராவது இருவர்’ பற்றி. நீங்கள் ‘எனக்கு’, ‘என் மகளுக்கு’ என்று கேட்கிறீர்கள். குழப்பமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் உங்கள் அலுவலகம். உங்களைத் தவிர 29 பேர். ஒவ்வொருவரிடமும் போய்ப் பிறந்தநாளைக் கேட்டால் 29 கேள்வியில் வேலை முடிந்தது. அதில் ஒன்றாவது பொருந்த 8 சதவீத வாய்ப்புகூடக் கிடையாது. பாதி வாய்ப்பாவது வேண்டுமென்றால் நீங்கள் 253 பேரைக் கேட்டாக வேண்டும்.

இப்போது 23 பேர் இருக்கும் ஓர் அறைக்கு வருவோம். இங்கே எல்லாரும் எல்லாரையும் கேட்கிறார்கள். முதல் ஆள் 22 பேரைக் கேட்கிறார். இரண்டாமவர் மீதி 21 பேரை. அடுத்தவர் 20. இப்படி 1 வரை கூட்டிப் பாருங்கள். அதே 253 வரும்! ஆட்கள்தான் 23 பேர், ஜோடிகள் 253. அத்தனை ஜோடியும் பொருந்தாமல் தப்ப வேண்டுமே. துல்லியமாகக் கணக்கிட்டால் பொருந்தும் வாய்ப்பு 50.7 சதவீதம்.

2014 உலகக் கோப்பைக் கால்பந்தில் 32 அணிகள் ஆடின, அணிக்கு 23 பேர். அதில் சரியாக 16 அணிகளில் ஒரே பிறந்தநாள்காரர்கள் இருந்தார்கள். இவ்வளவு கச்சிதமாகப் பாதி வந்தது மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம்தான்.

உங்கள் மகளின் வகுப்பில் 703 ஜோடிகள். எங்காவது ஒரு ஜோடி பொருந்த 86 சதவீத வாய்ப்பு. பொருந்தாமல் இருந்திருந்தால்தான் ஆசிரியை யோசித்திருக்க வேண்டும். ஆனால் அந்த 703-ல் உங்கள் மகள் வருவது 37-ல் மட்டுமே. அவளுக்கென்று பார்த்தால் பத்தில் ஒரு வாய்ப்பு. ஆகவே நீங்கள் வியந்ததிலும் தவறில்லை. வேறு இரண்டு பிள்ளைகளுக்கு அமைந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது, அவ்வளவுதான்.

நட்சத்திரம் ஒன்றாக இருப்பதை மாமியார் இரண்டாவது அதிசயமாக எண்ணுகிறார் போல. ஒரே வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். தேதியும் ஒன்று என்றால் நிஜமாகவே ஒரே நாளில் பிறந்திருக்கிறார்கள். சந்திரன் ஒரு நட்சத்திரத்தில் ஏறக்குறைய ஒரு நாள் இருக்கும். அப்புறம் நட்சத்திரம் வேறாக இருந்தால்தான் நாழிகையைப் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தாலும் நட்சத்திரங்கள் 27-தான். ஏழு பேர் கூடினாலே இருவருக்கு ஒன்றாக அமையப் பாதிக்கு மேல் வாய்ப்பு, பத்துப் பேர் என்றால் 85 சதவீதம். பெரிய குடும்பங்களில் “அவனும் நானும் ஒரே நட்சத்திரம்” என்ற பேச்சு அடிக்கடி கேட்பதற்கு இதுதான் காரணம்.

‘யாருக்காவது’ என்பது ‘இவருக்கு’ என்று மாறும்போது எண்கள் எப்படி வீங்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல கதை உண்டு. நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு பெண்மணிக்கு 1985-லும் 1986-லும் லாட்டரியில் பெரும்பரிசு விழுந்தது. 17 லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு என்று பத்திரிகைகள் எழுதின. குறிப்பிட்ட ஒருவர் இரண்டே இரண்டு சீட்டு வாங்கி இரண்டிலும் வெல்வதற்கான கணக்கு அது. அந்தப் பெண்மணி வாங்கியதோ ஏராளமான சீட்டுகள். பெர்சி டயகோனிஸ், ஃபிரெடெரிக் மாஸ்டெல்லர் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1989-ல் தற்செயல்கள் பற்றி எழுதிய கட்டுரையில் இதை எடுத்துக்கொண்டார்கள். (டயகோனிஸ் இளவயதில் மேஜிக் நிபுணராகத் தொழில் செய்தவர். ஏமாறாத கண்!) அமெரிக்கா முழுக்க லட்சக்கணக்கானவர்கள் வாரந்தோறும் சீட்டு வாங்கும்போது, எங்காவது யாராவது ஒருவர் இருமுறை வெல்வதற்கு, நான்கு மாத இடைவெளியில்கூட, முப்பதில் ஒரு வாய்ப்பு உண்டு என்று ஸ்டீபன் சாமுவேல்ஸ், ஜார்ஜ் மெக்கேப் என்ற வேறு இரு புள்ளியியலாளர்கள் போட்ட கணக்கை அதில் எடுத்துக்காட்டினார்கள். ஏழு வருடம் என்று எடுத்துக்கொண்டால் பாதிக்கும் மேல்.

அலுவலகத்தில் நீங்கள் 30 பேர் அல்லவா? உங்களை மறந்துவிட்டு எல்லா ஜோடிகளையும் பாருங்கள். பொருந்த 70 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம். தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிப் பள்ளியில் சேர்த்த தலைமுறைக்கு, சேர்க்கைக்குத் தோதாக ஜூனையொட்டி ஏதோ ஒரு தேதியை ஆசிரியரே எழுதிவிடுவார். இந்தக் கணக்கோ எல்லா நாளும் சமம் என்று வைத்துப் போட்டது. மூத்தவர்களிடம் கேட்கும்போது அது வீட்டுப் பிறந்தநாளா, பள்ளிக்கூடப் பிறந்தநாளா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.