சமரசரை விடுங்கள், நான்காவது பத்தியைப் படியுங்கள்

கேள்வி: எங்கள் விவாகரத்து வழக்கை மதுரை குடும்ப நல நீதிமன்றம் சமரச மையத்துக்கு அனுப்பியது. சமரசர், முப்பது வருடம் சொத்து வழக்கு நடத்திய சீனியர். கணவரின் வக்கீல் அவரைக் கண்டதும் எழுந்து வணக்கம் வைக்கிறார். மாமியார் செய்த கொடுமையைச் சொன்னால் "சரிம்மா, மேலே சொல்லுங்க" என்கிறார். கணவரோடு ஒரு மணி நேரம் தனியாகப் பேசினார். 18 லட்சம், மூன்று தவணை என்று வரைவு கொடுத்திருக்கிறார். அண்ணன் அது குறைவு என்கிறார். கையெழுத்துப் போடாவிட்டால் நீதிபதிக்கு என்னைப் பற்றித் தப்பாக எழுதுவாரா? எனக்கு மாமியார் மன்னிப்புக் கேட்க வேண்டும். (வரைவின் நகலை இணைத்துள்ளேன்.)

பதில்: எழுத மாட்டார். சமரசம் ஆகவில்லை என்றால் "ஆகவில்லை" என்ற ஒரு வரிதான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். உள்ளே யார் என்ன பேசினார் என்பது போகக் கூடாது என்று மோத்தி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தனியாகப் பேசுவது அவர்கள் வேலை பார்க்கும் முறை. நானும் சமரசருக்கான 40 மணி நேரப் பயிற்சியில் உட்கார்ந்தவன். யார் மேல் தப்பு என்று தேடாதே என்பதுதான் அங்கே முதல் பாடம். மாமியார் கதை அவர் காதில் ஏறாததற்குக் காரணம் அதுதான். வணக்கம்? கோர்ட் வராண்டாவில் எல்லோரும் எல்லோருக்கும் வைப்பார்கள். கணவர் வீட்டுக்காக இந்தச் சமரசர் எப்போதாவது வழக்கு நடத்தியிருந்தால் மட்டும் மையத்தில் சொல்லுங்கள், வேறு ஆளைப் போடுவார்கள். மன்னிப்பை எந்தக் கோர்ட்டும் வாங்கித் தராது.

உங்கள் ஆபத்து வரைவின் நான்காவது பத்தியில் இருக்கிறது. கையெழுத்தானதும் ஜீவனாம்ச மனுவை வாபஸ் வாங்க வேண்டும், 498ஏ வழக்கை (கணவர் வீட்டார் கொடுமைக்கான குற்ற வழக்கு) ரத்து செய்யச் சம்மதிக்க வேண்டும், கடைசி 10 லட்சம் விவாகரத்துக்குப் பிறகு மூன்று மாதத்தில் வரும். இதே வரிசையில் கையெழுத்துப் போட்ட ஒரு பெண் இரண்டு வருடமாக என் அலுவலகத்துக்கு வந்துபோகிறார். கையில் விவாகரத்து ஆணை இருக்கிறது, பணம் இல்லை. அந்த ஆள் வேலையை விட்டுவிட்டார், வீடு அம்மா பெயரில். எதை ஜப்தி செய்வது?

498ஏ வழக்கை ஸ்டேஷனில் போய் வாபஸ் வாங்க முடியாது, உயர் நீதிமன்றக் கிளைதான் ரத்து செய்ய வேண்டும். அதற்கு உங்கள் பிரமாணப் பத்திரம் தேவை. உங்கள் கணவருக்கு உண்மையில் வேண்டியது அந்த ஒரு காகிதம்தான். அது கைக்குப் போன மறுநாள் உங்கள் ஃபோனை எடுக்க மாட்டார். எனவே கடைசித் தவணை அந்த ரத்து மனு விசாரணைக்கு வரும் அன்றே டி.டி.யாக வர வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள்.

ஜீவனாம்ச மனுவை இப்போதே வாபஸ் வாங்காதீர்கள். நீங்கள் மனு போட்டது 2022-ல். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும் என்று 2020-ல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. பரஸ்பர சம்மத விவாகரத்தில் ஆணை வரும்வரை உங்கள் கணவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். 1991-லிருந்தே அதுதான் நிலை. அவர் பின்வாங்கினால் நீங்கள் புதிதாக மனு போட வேண்டும், பழைய வருடங்கள் போயே போச்சு. மனு கோப்பிலேயே கிடக்கட்டும். விவாகரத்து ஆணை வரும் அன்று மெமோ போட்டு முடித்துக்கொள்ளலாம்.

"நகைகள் அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியையும் அடியுங்கள். பவுன் கணக்கோடு பட்டியல் போட்டு, எடை பார்த்து வாங்கிய பிறகு அதை எழுதலாம். மகளுக்கு இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிக்கொடுத்தாலும் அவள் உரிமை போகாது, ஆனால் அதை நிலைநாட்ட இன்னொரு வழக்கு நடத்த வேண்டும். 18 லட்சத்தில் ஒரு பகுதியை இப்போதே அவள் பெயரில் வைப்பு நிதியாகக் கேளுங்கள்.

இவை திருத்தப்பட்டால் கையெழுத்துப் போடுங்கள். 52,000 சம்பளக்காரரிடம் 18 லட்சம் மோசமில்லை. குறைவு என்கிற அண்ணனா ஐந்து வருடம் வாய்தாவுக்கு வந்து நிற்கப் போகிறார்?

அப்புறம், டி.டி.யில் உங்கள் பெயரும் இனிஷியலும் பாஸ்புக்கில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்து, நகல் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு பேனாவை எடுங்கள்.