ஹட்டனிலிருந்து கப்பலேறுகிறவர்களுக்கு

உல்லாசக் கப்பல்களில் 11 வருஷம் வேலை செய்தேன். முதலில் சாப்பாட்டு மண்டபம், அப்புறம் கேபின், கடைசி நான்கு வருஷம் ஒரு சின்னச் சொகுசுக் கப்பலில் பட்லர். இப்போது இலங்கை மலையகத்து ஹட்டனில் இருக்கிறேன். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பலர் கேட்ட கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். நான் காசு கொடுத்துக் கப்பலேறியவன் இல்லை. கொடுத்தவர்கள் எதற்குச் சந்தோஷப்பட்டார்கள், எதற்கு முகம் சுளித்தார்கள் என்று கையில் தட்டோடு நின்று பார்த்தவன்.

நுவரெலியாவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு மகன் கப்பல் பயணம் போட்டுத் தருகிறேன் என்கிறான். பெரிய கப்பலில் போகவா, சின்னதிலா?

சேர், கப்பல் பெரிதானால் சொகுசும் பெரிது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 2024-இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலுக்கு 20 தளம், 365 மீட்டர் நீளம். நிரம்பினால் 7,600 பயணிகள். தண்ணீர்ச் சறுக்கு, நாடகம், பனிச்சறுக்கு என்று பேரப்பிள்ளைகளுக்குத் திருவிழாதான். ஆனால் உங்களுக்கும் உங்கள் மனைவி டீச்சருக்கும் காலைச் சாப்பாட்டுக்கு இடம் தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் சில நூறு பேரோடு போகிறவை. இரண்டாம் நாளே உங்கள் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதைவிட முக்கியமான காரியம் ஒன்று உண்டு. பெரிய கப்பலுக்கு ஆழமான துறைமுகம் வேண்டும். அதனால் எல்லாப் பெரிய கப்பலும் அதே நாலைந்து துறைமுகத்தில்தான் போய் நிற்கும். ஒரே நாளில் மூன்று கப்பல் வந்துவிட்டால் அந்தத் தீவின் கடைத்தெரு நம் தேர்த்திருவிழா மாதிரி ஆகிவிடும். சின்னக் கப்பல் ஒரு குட்டி வளைகுடாவுக்குள் போய் நங்கூரம் போடும். டெண்டர் என்கிற சிறு படகில் உங்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். தீவைப் பார்க்கவென்றே போகிறவர்கள் சின்னதில் போங்கள். முழங்கால் வலி இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அலையில் ஆடும் படகில் கால் வைக்கிற அந்த ஒரு நொடி சிலருக்குக் கஷ்டம்.

கண்டியிலிருந்து ஒரு அக்கா: கரீபியன்தான் போக வேண்டுமா? நமக்குப் பக்கத்தில் எதுவும் இல்லையா?

இருக்கிறது அக்கா. என்னைக் கேட்டால் கரீபியனுக்கு முன்னால் சீஷெல்ஸ். பேராதனைப் பூங்காவில் இரட்டைத் தேங்காய் மரம் பார்த்திருப்பீர்களே, அதன் சொந்த ஊர் அதுதான். அங்கே பிராலின் தீவில் வாலே த மே என்ற காட்டில் அது தன்பாட்டில் வளர்ந்து நிற்கிறது. 1983-இலிருந்து உலக மரபுரிமை இடம். அந்தக் காய் மிதந்துபோய் மாலைதீவில் ஒதுங்கியதால், மரம் அங்கேதான் இருக்கிறது என்று நினைத்து விஞ்ஞானப் பெயரிலும் மாலைதீவைச் சேர்த்துவிட்டார்கள். சீஷெல்ஸுக்கு நமக்கு விசா தேவையில்லை. பயண அனுமதி மட்டும் முதலிலேயே எடுத்துவிட வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்றில் கடல் குதிக்கும். ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும் நல்லது.

மாலைதீவு இன்னும் பக்கம், நமக்குப் போய் இறங்கியதும் விசா. கிட்டத்தட்ட 1,200 தீவுகள். அந்த நாட்டிலேயே உயரமான இடம் இரண்டரை மீட்டர்கூட இல்லை. 2,524 மீட்டர் பிதுருதலாகலையின் அடிவாரத்தில் வளர்ந்தவர்களுக்கு முதல் நாள் ஏதோ தவறுவது போலத்தான் இருக்கும். கண் தானாகவே மலையைத் தேடும்.

கரீபியன்தான் வேண்டுமென்றால் டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே சூறாவளிக் காலம். விலை மலிவாக இருப்பதும் அதனால்தான். மியாமியில் ஏறுவதானால் பலமுறை நுழையும் அமெரிக்க விசா தேவை. ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றால், தீவுகளைச் சுற்றிவிட்டுத் திரும்ப இறங்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

மாத்தளையிலிருந்து: தடுப்பூசி ஏதும்?

சில கரீபியன் பயணங்கள் கொலம்பியாவின் கார்ட்டஹேனாவையும் தொடும். அப்படியானால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் இல்லாமல் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும்போது பிரச்சினை. பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடுவார்கள். குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, எனக்கு கினிகத்தேனை வளைவிலேயே வாந்தி வரும். கப்பலில் எப்படி?

கினிகத்தேனையில் பஸ்ஸின் பின் சீட்டில் உட்கார்ந்தவருக்கும் நடுவில் உட்கார்ந்தவருக்கும் உள்ள வித்தியாசம்தான் கப்பலிலும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் எடுங்கள். வேடிக்கை என்னவென்றால், அதிக விலைக்கு விற்கிற மேல்தளத்து முன்முனை அறைதான் அதிகம் ஆடும். ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் பக்கவாட்டில் மீன் செட்டை போன்ற துடுப்புகள் உண்டு. பாதி நாள் ஓடுவதே தெரியாது. மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, தலை சுற்றுவதற்கு முன்னாலேயே போடுங்கள். இஞ்சி மென்றால் நல்லது. நாங்கள் பயணிகளுக்குப் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொடுப்போம். கையில் போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு அம்மா: நான் சைவம். அங்கே சாப்பாடு, தேத்தண்ணி எல்லாம்?

புக் பண்ணும்போதே 'இந்திய சைவம்' என்று எழுதிவிடுங்கள் அம்மா. சமையலறையில் இந்தியத் தம்பிமார் எப்போதும் இருப்பார்கள், பருப்புக் கறிக்குப் பஞ்சமில்லை.

தேத்தண்ணி விஷயம்தான் சோகம். வெள்ளிக் கூசா, தங்கக் கரை போட்ட கோப்பை, சாசரில் நூல் தொங்கும் ஒரு பை. பையில் 'சிலோன்' என்று போட்டிருக்கும். தண்ணீரோ பாதி ஆறியிருக்கும். பையைப் பிழியப் பிழிய வைக்கோல் நிறத்தில்தான் சாயம் இறங்கும். என் அம்மா பறித்த கொழுந்தாகவும் இருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு அதைப் பரிமாறியிருக்கிறேன். பிஓபிஎஃப் ரகத்து நல்ல தேயிலைத் தூள் கால் கிலோ கொண்டுபோங்கள். கேத்தலைக் கொண்டுபோக வேண்டாம், தீப்பிடிக்கும் பயத்தில் பிடுங்கி வைத்துவிடுவார்கள். கேபின் பையனிடம் "கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்" என்று அழுத்திக் கேளுங்கள்.

ஹட்டனிலிருந்து, கடை வைத்திருக்கும் அண்ணன்: விளம்பர விலைக்கு மேல் எவ்வளவு இழுக்கும்?

விலை எப்போதும் இருவர் தங்கும் அறையில் ஓர் ஆளுக்கு. தனியாகப் போனால் இரண்டு ஆள் காசுவரை கேட்பார்கள். சாதாரணக் கப்பலில் டிப்ஸ் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டொலர் தானாகக் கணக்கில் ஏறும். அப்புறம் குடிவகை, இன்டர்நெட், கரைச் சுற்றுலா எல்லாம் தனித்தனி. சொகுசுக் கப்பலில் டிப்ஸும் குடிவகையும் பெரும்பாலும் விலைக்குள் அடக்கம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் இடைவெளி நினைத்த அளவு இருக்காது.

ஆனால் காப்புறுதி இல்லாமல் போகாதீர்கள் அண்ணே. குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்த ஒரு பெரியவரைத் தீவு ஆஸ்பத்திரியில் இறக்கினோம். கப்பல் அன்று மாலையே போய்விட்டது. அவர் மனைவி இரண்டு பெட்டியோடு துறைமுகத்தில் நின்றதை மேல்தளத்திலிருந்து பார்த்தேன். வைத்தியச் செலவோடு விமானத்தில் கொண்டுவரும் செலவையும் ஏற்கும் காப்புறுதியாக எடுங்கள்.

பதுளையிலிருந்து: ஏறியதும் ஏதோ பயிற்சி என்கிறார்களே?

மஸ்டர் ட்ரில், ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்ற ஒத்திகை. காலையில் ஆள் கூட்டிக் கணக்கெடுக்கும் நம் தோட்டத்துப் பெரட்டுதான், கொழுந்துக் கூடைக்குப் பதிலாக உயிர்காப்பு அங்கி. 2012-இல் கோஸ்டா கொன்கோர்டியா விபத்துக்குப் பிறகு, கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய கையோடோ நடத்தியாக வேண்டும் என்று சட்டத்தை இறுக்கினார்கள். கோடீஸ்வரரானாலும் பெரட்டுக்கு வர வேண்டும்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, எனக்குப் பயணம் வேண்டாம், வேலைதான் வேண்டும். ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கவா?

கொடுக்காதே. 2006-ஆம் வருஷக் கடல்சார் தொழிலாளர் சமவாயப்படி, வேலை தேடித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், சிடிசி என்கிற கடலோடிப் பதிவுப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவு உன்னுடையது. பயிற்சிக்கும் பெரும்பாலும் நீதான் கட்டவேண்டியிருக்கும். "சீட்டு உறுதி" என்று காசு கேட்டாலே எழுந்து வந்துவிடு. நானும் அந்த வயதில் அப்பாவின் சேமலாப நிதிப் பணத்தில் ஒரு பகுதியை இப்படித்தான் தொலைத்தேன். அந்த ஆபிஸ் மூன்றாம் மாதம் பூட்டிக் கிடந்தது.

முதலில் தீயணைப்பு, நீந்தி உயிர்தப்புதல், முதலுதவி எல்லாம் அடங்கிய அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை முடி. கொழும்பிலும் மாலபேயிலும் நடக்கிறது. நீச்சல் தெரியாதென்றால் இப்போதே பழகு. நம் மலைப் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது அங்கேதான். கூடவே ஒரு ஹோட்டலில் ஒரு வருஷமாவது வேலை பார். கப்பலில் ஒப்பந்தம் ஆறு முதல் ஒன்பது மாதம். வாரத்தில் ஏழு நாளும் வேலை. 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்பது அதே சமவாயத்தில் இருக்கிறது. படுக்கை நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில். மேலே தீவு தெரியும், கீழே இயந்திரச் சத்தம் கேட்கும். இதெல்லாம் தெரிந்தும் போகிறாய் என்றால் ஹட்டனில் வந்து என்னைப் பார், விண்ணப்பம் எழுதித் தருகிறேன்.

நுவரெலியா டீச்சர் (மேலே கேட்ட சேரின் மனைவி): விருந்து இரவுக்குச் சேலை கட்டலாமா? குளிருடுப்பு வேண்டாம்தானே?

தாராளமாகக் கட்டலாம் டீச்சர். மேல்தளக் காற்றுக்கு ஊசி மட்டும் நாலு கூடுதலாகக் குத்திக்கொள்ளுங்கள். வெளியே 30 பாகை வெயில்தான், ஆனால் சுவெட்டரை மறக்காதீர்கள். சாப்பாட்டு மண்டபத்து ஏசியில் உங்கள் ஊர் மார்கழிதான்.